ஹோய் ஆன் பழைய நகரில் நடையும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் நடுப்பகுதியில், தூ போன் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது ஹோய் ஆன். அங்கே பழைய நகரை உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து பார்த்து, வழியில் ஏழெட்டு கடைகளில் உட்கார்ந்து சாப்பிட்டு வரும் சுற்றுலாவைப் பற்றி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் என் பதிலையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: விளக்கு பார்க்க மாலையில் மட்டும் வந்து போகிறவர்கள் இந்த ஊரில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் போங்கள், வெறும் வயிற்றோடு போங்கள்.

இந்தச் சுற்றில் என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் காலை ஏழரை, எட்டு மணிக்கு ஆற்றங்கரைச் சந்தையில் தொடங்கும். சந்தைக்குள் மீன், கீரை, நூடுல்ஸ் விற்கும் பக்கமெல்லாம் சுற்றிக் காட்டுவார்கள், அங்கேயே முதல் சாப்பாடும் ஆகிவிடும். அப்புறம் திரான் பூ தெருவில் ஏறி, சீன வணிகர் சங்க மண்டபம் ஒன்று, பழைய வணிகர் வீடு ஒன்று, ஜப்பானியப் பாலம் என்று பார்த்துக்கொண்டே இடையிடையே சந்துகளுக்குள் புகுந்து சாப்பிடுவது. எல்லாம் சேர்த்து மூன்றரை, நாலு மணி நேரம். மாலைச் சுற்றும் உண்டு. அதில் சாப்பாடு அதிகம், வரலாறு குறைவு.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே நடக்க முடியாதா?

தாராளமாக முடியும். பழைய நகரே சுமார் 30 ஹெக்டேர்தான், வழி தவறினாலும் ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் வழிகாட்டி இல்லாமல் போவது பெரிய இழப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன். காலையில் எந்தச் சந்தின் முனையில் யார் கூடையோடு உட்காருவார், எத்தனை மணிக்குச் சட்டி காலியாகும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பல நல்ல கடைகளுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. தரையோடு ஒட்டிய பிளாஸ்டிக் முக்காலிகள் நாலும் ஒரு பானையும்தான் கடை. அங்கே போய் நாமாக உட்கார்ந்தால் என்ன கேட்பதென்று தெரியாது, அவருக்கும் நமக்கும் பொது மொழி கிடையாது.

பதிவு செய்யும் முன் மூன்றே விஷயங்களை எழுதிக் கேளுங்கள்: வழிகாட்டி ஹோய் ஆன்காரரா, குழுவில் எத்தனை பேர், உணவுக்கான பணம் கட்டணத்திலேயே அடங்கியதா. எட்டு, பத்து பேருக்கு மேல் இருந்தால் சின்னக் கடைகளில் உட்கார இடமிருக்காது, அதனால் பெரிய ஓட்டல்களுக்குத்தான் கூட்டிப்போவார்கள். உணவோடு சேர்ந்த சிறு குழு நடைக்குப் பொதுவாக ஆளுக்கு 30 முதல் 70 டாலர் வரை கேட்கிறார்கள்.

ஊரின் கதை கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லதா?

மிகவும் நல்லது, ஏனென்றால் நீங்கள் சாப்பிடப் போகும் பாதிச் சாப்பாடு அந்தக் கதையிலிருந்து வந்ததுதான். முதலில் இது, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசின் துறைமுகம். அதன்பின் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நுயென் பிரபுக்களின் ஆட்சியில் பெரிய வணிக நகரமானது. பட்டு, பீங்கான், அகில், மிளகு, இலவங்கப்பட்டை எல்லாம் இங்கே கைமாறின. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வரும். திரும்பிப் போகக் காற்று திசை மாறி அடிக்கும் வரை பல மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் வீடு எடுத்தார்கள், கடை வைத்தார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். ஜப்பானியருக்கு ஒரு குடியிருப்பு, சீனருக்கு ஒரு குடியிருப்பு என்று ஊர் வளர்ந்தது. ஐரோப்பியர்கள் இதை ஃபைஃபோ என்று அழைத்தார்கள்.

1635இல் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போவதைத் தடை செய்ததும் ஜப்பானியர் எண்ணிக்கை சுருங்கியது. சீனாவில் மிங் அரசு 1644இல் விழுந்ததும் அங்கிருந்து ஓடிவந்தவர்களால் சீனர் பகுதி பெருகியது. இன்று நீங்கள் பார்க்கும் சங்க மண்டபங்கள் அவர்கள் வழிவந்தவை: புஜியன்காரர்களுக்கு ஒன்று, கான்டன்காரர்களுக்கு ஒன்று, ஹைனான்காரர்களுக்கு ஒன்று, தேயோச்சூக்காரர்களுக்கு ஒன்று. ஹைனான் மண்டபம் 1851இல் கடற்கொள்ளையர் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட 108 வணிகர்களின் நினைவாக நிற்கிறது. கூட்டம் அதிகம் வராத இடம், அவசியம் உள்ளே போய்ப் பாருங்கள்.

பின்னால் ஆற்றுமுகம் மணல் தூர்ந்துபோய், பெரிய கப்பல்கள் வர முடியாமல் வணிகம் தா நாங் துறைமுகத்துக்கு நகர்ந்துவிட்டது. ஊர் ஏழையானது. அந்த ஏழ்மைதான் பழைய வீடுகளைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும், இடித்துக் கட்டப் பணம் இல்லை. 1980களில் காஜிமியெர்ஸ் குவியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக்கலைஞர் இந்த ஊரின் மதிப்பை எடுத்துச் சொல்லிப் பாதுகாக்கப் பாடுபட்டார், 1997இல் ஹுவே நகரில் வேலையில் இருந்தபோதே இறந்துபோனார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

காவ் லாவ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

இந்த ஊரின் அடையாளமே அதுதான். தடித்த, மங்கிய மஞ்சள் நிற அரிசி நூடுல்ஸ், கடித்தால் லேசாக எதிர்த்து நிற்கும். காரணம் சாம்பல். அரிசியைச் சாம்பல் தெளிநீரில் ஊறவைத்து அரைத்து, மாவை வேகவைத்துப் பிசைந்து தேய்த்து, நறுக்கி, மறுபடியும் ஆவியில் வேகவைக்கிறார்கள். சாம்பல் சாம் தீவுகளின் மரத்திலிருந்து வர வேண்டும், தண்ணீர் பா லே கிணற்றிலிருந்து வர வேண்டும் என்பது ஊர் வழக்கு. அந்தக் கிணறு சந்துக்குள் இன்றும் இருக்கிறது, சம்பா காலத்துச் சதுரக் கிணறு. எல்லாக் கடையும் இன்றைக்கு அதே தண்ணீரில் செய்கிறது என்று நம்ப வேண்டாம். நூடுல்ஸைச் செய்வது சில குடும்பங்கள்தான், கடைகள் தினமும் அவர்களிடம் வாங்கிக்கொள்கின்றன.

சந்தையில் கிண்ணம் நிரப்புவதைக் கிட்டே நின்று பாருங்கள். அடியில் ஒரு பிடி கீரையும் முளைகட்டிய பயறும். நூடுல்ஸைச் சல்லடையில் அள்ளி, கொதிக்கும் நீரில் சில நொடி முக்கி, உதறி மேலே போடுவார். அதன்மேல் மெல்லிசாக அரிந்த பன்றி இறைச்சி. பிறகு இறைச்சி வெந்த சாற்றில் ஒரு கரண்டி, அவ்வளவுதான், சூப் மாதிரி நிறைய ஊற்ற மாட்டார்கள். கடைசியில் அதே மாவில் பொரித்த மொறுமொறு சதுரங்கள். அடியோடு புரட்டி, மொறுமொறுப்பு போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நூடுல்ஸ் ஜப்பானிய உடோனின் சாயல் என்பார் சிலர், சீனம் என்பார் சிலர். இறைச்சி சந்தேகமில்லாமல் சீனப் பக்குவம், கீரை உள்ளூர் மண். துறைமுகம் முழுக்க ஒரே கிண்ணத்தில் இருக்கிறது, அதனால்தான் இதை ஓட்டலில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

வேறு என்னென்ன?

நிறைய. பான் பாவ் பான் வாக் என்பது இறால் வைத்து ஆவியில் வேகவைத்த மெல்லிய அரிசிமாவுப் பொட்டலம், ஆங்கிலம் பேசுவோர் வெள்ளை ரோஜா என்பார்கள். ஊரில் பெரும்பாலான கடைகளுக்கு ஒரே குடும்பத்திலிருந்துதான் போகிறது. அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்தால், மாவுருண்டையை விரலால் ஒளி ஊடுருவும் அளவுக்கு விரித்து மடிப்பதை எதிரிலேயே பார்க்கலாம். கொம் கா என்பது கோழிச் சாறில் மஞ்சள் நிறமாக வெந்த சோறும், பிய்த்த கோழியும், வெங்காயமும், ராவ் ராம் என்ற காரவாசனைக் கீரையும். மீ குவாங் அகல நூடுல்ஸ், வறுத்த வேர்க்கடலை, எள் அப்பளம், கொஞ்சமே சாறு. பான் செயோவை நம் தோசையின் தூரத்து உறவு என்று சொல்லலாம், அரிசிமாவில் மஞ்சள் சேர்த்து மொறுமொறுவென்று சுட்டது, ஆனால் கீரையோடு அரிசித்தாளில் சுருட்டிச் சாப்பிட வேண்டும்.

எனக்குத் தனிப் பிரியம் பான் தாப் மீது. மொறுமொறு அரிசி அப்பளத்துக்கு நடுவே ஈரமான மெல்லிய அரிசி அடையை வைத்து, கையால் ஓங்கித் தட்டி உடைத்துக் கொடுப்பார்கள். மாம் நெம் என்ற நொதித்த மீன் சாந்தில் தொட்டுக்கொள்ள வேண்டும், வாசனை கடுமையாக இருக்கும். கூடவே வதக்கிய ஆற்று மட்டி. இது ஆற்றுக்கு அப்பால் காம் நாம் தீவின் சரக்கு. பல சுற்றுகள் அங்கே போவதில்லை, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். மக்காச்சோளத்தில் செய்யும் சே பாப் என்ற இனிப்பும் அந்தத் தீவில்தான் பெயர்பெற்றது.

பான் மீ என்ற வியட்நாமிய ரொட்டி சாண்ட்விச் எல்லோருக்கும் தெரியும், அதற்கு நான் தனியாகப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. இனிப்பில் கருப்பு எள் கஞ்சியைக் கண்டால் விடாதீர்கள்.

நான் சுத்த சைவம். போய்ப் பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் பட்டினிதான். சைவம் என்பதற்கு அங்கே ஆன் சாய் என்பார்கள், பௌத்தப் பழக்கம், எல்லோருக்கும் புரியும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசையும் பௌர்ணமியும், அங்கே பலர் சைவம் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் சைவக் கடைகளும் சைவ காவ் லாவ், சைவ மீ குவாங்கும் எளிதாகக் கிடைக்கும். முடிந்தால் உங்கள் நடையை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சிக்கல் எங்கே என்றால் நுவொக் மாம், அதாவது நொதித்த மீனிலிருந்து வடித்த சாறு. காய்கறிதானே என்று நினைத்த தட்டில் அது ஊற்றியிருக்கும், எலும்புச் சாறும் அப்படித்தான். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். ஆன் சாய் என்று சொன்னால்தான் மீன் சாறும் நீங்கும். முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் தனியே சொல்ல வேண்டும். சைவச் சமையலில் பூண்டு, வெங்காயம் சேர்க்காத கடைகளும் உண்டு, சமணர்களுக்கு இது உதவும். பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், நடக்கும் அன்று காலையில் வழிகாட்டியிடம் மறுபடி சொல்லுங்கள். டோஃபுவும் இஞ்சிப் பாகும் சேர்ந்த தாவ் ஹூ, தாமரை இதழ் மிதக்கும் மூலிகை டீ, சே பாப் எல்லாம் கவலையில்லாமல் சாப்பிடலாம்.

பன்றி, மாடு தவிர்ப்பவர்கள்? ஹலால்?

மாட்டைத் தவிர்ப்பது எளிது, பன்றியைத் தவிர்ப்பது கடினம். காவ் லாவ் பன்றிதான், பொரிக்கும் எண்ணெயில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஹலால் தேவைப்படுவோர் தெருக்கடைச் சுற்றை எடுக்காமல், நடையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு சாப்பாட்டை ஊரிலுள்ள இந்திய ஹலால் உணவகங்களில் வைத்துக்கொள்வதே நிம்மதி. கோழிச் சோறு கேட்க நன்றாக இருந்தாலும் கோழி ஹலாலாக இருக்காது.

வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது எங்கும் தூவப்படும். முன்பே சொல்லாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

தெருக்கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்குமா?

கூட்டம் இருக்கும் கடை, கண்முன் கொதிக்கும் பானை, இரண்டும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பச்சைக் கீரைதான் புதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சந்தேகமிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். நண்பகல் வெயிலில் வெகுநேரம் வெளியே கிடந்த இறைச்சியைத் தொடாமல் இருப்பது நல்லது.

அந்தக் கீரைகள் எங்கிருந்து வருகின்றன?

நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி திரா கே என்ற கிராமம். ஆற்றில் வாரும் பாசியை உரமாகப் போட்டு வளர்க்கிறார்கள். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு அதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. சைக்கிளில் போகலாம்.

நுழைவுச்சீட்டு வேண்டுமா?

வெளிநாட்டவருக்கு 1,20,000 டோங் (வியட்நாம் பணம்). அதில் கிழித்துக் கொடுக்கும் சில துண்டுகள் இருக்கும், பழைய வீடோ மண்டபமோ ஓர் இடத்துக்குள் போக ஒரு துண்டு. சுற்றுக் கட்டணத்தில் இது அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் மிச்சம் பிடிக்க இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள், அந்த மர வீடுகளைச் செப்பனிடும் செலவுக்குத்தான் போகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டடங்கள், வெயிலும் கரையானும் வெள்ளமும் ஓயாமல் தின்றுகொண்டிருக்கின்றன.

எந்த வீட்டைப் பார்ப்பது?

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நுயென் தாய் ஹொக் தெருவிலுள்ள தான் கீ வீடு. முன்பக்கம் தெருவில் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்பக்கம் ஆற்றைப் பார்த்துச் சரக்கு இறக்கும் வாசல். தலைமுறைகளாக ஒரே குடும்பம் இன்னும் அங்கேயே வாழ்கிறது, அதனால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்தது என்று ஆண்டு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள், 1964ஆம் ஆண்டுக் குறியைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பாலத்துக்கு அப்பால் உள்ள புங் ஹுங் வீட்டில் மாடித் தரையில் ஒரு திறப்பு இருக்கும், வெள்ளம் வரும்போது சரக்கையும் சாமான்களையும் அதன் வழியாக மேலே ஏற்றிவிடுவார்கள்.

வாசல் நிலைக்கு மேலே இரண்டு மரக் கண்கள் பதித்திருப்பதையும் கவனியுங்கள். வீட்டுக்கு வீடு வேறு வேறு வடிவம், காவலுக்காக வைப்பது.

ஜப்பானியப் பாலம் ஏன் இவ்வளவு புகழ்?

சுமார் 18 மீட்டர் நீளம்தான், ஏமாந்துவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானியர்கள் கட்டத் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1719இல் நுயென் பிரபு அதற்குத் தொலைதூரத்திலிருந்து வரும் விருந்தாளிகளின் பாலம் என்று பொருள்படும் பெயர் வைத்தார். நடுவில் சின்னக் கோயில், ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குச் சிலைகள். நம்மவர்கள் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் கதையும் ஒன்று உண்டு: தலையை இந்தியாவிலும் வாலை ஜப்பானிலும் முதுகை ஹோய் ஆனிலும் வைத்துக் கிடக்கும் பூதம் அசைந்தால் நிலநடுக்கம் வரும், அதன் முதுகில் வாளைச் செருகியதுபோலத்தான் பாலத்தைக் கட்டினார்களாம். 2022 கடைசியில் பிரித்துச் செப்பனிடத் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். புதுசாகத் தெரிகிறது என்று குறைபட்டவர்கள் பலர். எனக்கு அந்தக் குறை இல்லை, சாயம் வெயிலில் தானாக மங்கும்.

பெரியவர்கள், குழந்தைகள் நடக்க முடியுமா?

தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் இல்லை. சிக்கல் வெயிலும் தாழ்ந்த முக்காலிகளும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உயரமான நாற்காலி உள்ள கடைகளாகப் பார்த்துக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பழைய நகரின் மையத் தெருக்களில் காலையில் சில மணி நேரமும் பிற்பகலிலிருந்து இரவு வரையும் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, குழந்தைகளை அந்த நேரத்தில் நடக்கவிடலாம். மற்ற நேரத்தில் ஸ்கூட்டர்கள் வரும்.

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் போலவே காயும். அக்டோபர், நவம்பரில் ஆறு தெருவுக்கு வரும், 2025 அக்டோபர் கடைசியிலும் பெருவெள்ளம் வந்தது. அந்த மாதங்களில் போவதானால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகச் செய்யுங்கள்.

விளக்குத் திருவிழா என்றைக்கு?

ஒவ்வொரு சந்திர மாதமும் பதினாலாம் நாள், பௌர்ணமிக்கு முந்தைய இரவு. 1998இலிருந்து நடக்கிறது. தெருவிளக்குகளை அணைத்துவிட்டுத் துணி, தாள் விளக்குகளை மட்டும் எரியவிடுவார்கள். அழகுதான், ஆனால் ஆற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. காலை நடையை முடித்துவிட்டு, மதியம் தூங்கி எழுந்து, மாலை பொறுமையாகப் போங்கள்.

பணம், டிப்ஸ், பேரம்?

சின்னக் கடைகளில் ரொக்கம்தான். 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டும் நீலம், இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானியப் பாலம் அச்சிட்டிருப்பது 20,000. சாப்பாட்டுக் கடைகளில் பேரம் பேச வேண்டாம், ஒரு கிண்ணம் காவ் லாவின் விலையே நாற்பது, ஐம்பதாயிரம் டோங் அளவில்தான். டிப்ஸ் கட்டாயமில்லை. நாலு மணி நேரம் வெயிலில் கூடவே நடந்து, உங்கள் சைவத்துக்காகக் கடை கடையாகப் பேசியவருக்குக் கொடுத்தால் நியாயம்.

நடுவில் தையல் கடைக்கு அழைத்துப்போனால்?

ஹோய் ஆன் தையலுக்குப் பெயர்போன ஊர், ஒரே நாளில் கோட்டு தைத்துத் தருவார்கள். ஆனால் சாப்பாட்டு நடையில் தையல் கடை எதற்கு? கமிஷனுக்காக அழைக்கிறார்கள் என்று தோன்றினால், வேண்டாம், அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். துணி தைக்க வேண்டுமானால் வேறொரு நாள் நீங்களே போங்கள், அளவு சரிபார்க்க இரண்டு முறையாவது போக வேண்டியிருக்கும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

ஹோய் ஆனில் விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. தா நாங்கில் இறங்கி சுமார் 30 கிலோமீட்டர் காரில். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா வேண்டும், அரசு இணையதளத்திலேயே வாங்கலாம், ஒருமுறை நுழைய 25 டாலர். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை நிரப்புங்கள், முதல் பெயர், குடும்பப் பெயர் இடம் மாறினால் விமான நிலையத்தில் தொல்லை.

அதே நாளில் மீ சோன் கோயில்களையும் பார்க்கலாமா?

வேண்டாம். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மலைகளுக்கு நடுவே இருக்கிறது மீ சோன். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்த இடம். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும் பகுதி இடிந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில கோயில்களைச் செப்பனிட்டபோது 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் கிடைத்தது. அதற்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள், விடியும் முன் கிளம்பிவிட்டால் வெயிலுக்கும் பேருந்துக் கூட்டத்துக்கும் முன்னால் போய்விடலாம். மதியத்துக்குள் ஹோய் ஆன் திரும்பினால் கொம் கா கடைகள் திறந்திருக்கும்.